சித்திரை மாதத்து அருவி

2025 ஏப்ரல் 21, திங்கள்

திருவண்ணாமலை. செங்கம் சாலையிலிருந்து உள்ளே மூன்றாவது சந்தில் மாடி அறை. மின்விசிறி சத்தமில்லாமல் சுற்றுகிறது. இந்தப் பயணத்தில் இதுவரை கிடைத்த ஒரே வசதி.

செஞ்சியிலிருந்து வந்த பேருந்தில் என் முதுகுப் பை ஒரு அம்மாளின் தலையில் இடித்துவிட்டது. "இன்னாம்மா, இம்மாம் பெரிய மூட்டைய முதுகுல கட்டிக்கினு வர்ற. எறக்கி கீழ வை" என்றாள். மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன். பிரசாத் சிரித்தார். அதுவும் ஒரு அனுபவமாம். நாற்பத்தொன்பது வயதில் முழங்கால் வலிக்கு மாத்திரை போடுகிற ஒருத்தி பதினோரு கிலோ தூக்கிக்கொண்டு கணவர் பின்னால் ஊர் ஊராக ஓடுவது.

இது பத்து நாள் ஒத்திகை. ஆகஸ்டிலிருந்து ஒரு வருடம் இந்தியா முழுக்க இப்படிப் பையோடு சுற்ற வேண்டும் என்பது இவர் திட்டம். வங்கியில் விருப்ப ஓய்வு வாங்கி எட்டு மாதம் ஆகிறது. நானும் வாங்க வேண்டும். இருபத்து நான்கு வருடம் அரசாங்கத்துக்கு நிலத்தடி நீர் பார்த்தது போதுமாம். கடிதத்தை இவரே தட்டச்சு செய்து, பிளாஸ்டிக் உறையில் போட்டு, என் பையின் மேல் அறையில் வைத்திருக்கிறார். மூன்று மாதம் முன்பே சொல்ல வேண்டும் என்பதால் முப்பதாம் தேதிக்குள் அலுவலகத்தில் கொடுத்தாக வேண்டும். கையெழுத்து மட்டும்தான் பாக்கி.

"பத்து நாள் வந்து பாரு செல்வி. புடிச்சா போடு. புடிக்கலன்னா விட்டுடலாம்."

சரி என்றேன். ஏன் சரி என்றேன்? போட மாட்டேன் என்று அன்றைக்கே தெரியும்.

ஏப்ரல் 22

இந்த ஊரில் ஆறு வருடம் வேலை பார்த்திருக்கிறேன். அவலூர்பேட்டை சாலையில் வாடகை வீடு, மகள் அப்போது ஆறாவது. சென்னையிலிருந்து மாதத்தில் இரண்டு ஞாயிறு வந்து போனவர் இன்று கைபேசியைப் பார்த்துக்கொண்டே எனக்கு வழி சொல்கிறார். "அடுத்த லெஃப்ட்." அடுத்த இடது முட்டுச்சந்து. தெரியும். போனோம். திரும்பி வந்தோம்.

அடி அண்ணாமலையில் டீ குடிக்க நின்றபோது என்னைப் படம் எடுத்தார். திரும்பினேன். "முகம் வேணாம். பின்னாலருந்து எடுத்தாத்தான் டிராவலர் மாதிரி இருக்கு." வங்கியில் ஓய்வு பெற்றவர்களுக்கு ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கிறது. புதுச்சேரியிலிருந்து இதுவரை என் முதுகு அதில் பதினான்கு முறை வந்திருக்கிறது.

ஏப்ரல் 23

நாளைக்கு அருவி.

மாலையில் மொட்டை மாடியில் உட்கார்ந்து கைபேசியை நீட்டினார். ஜவ்வாது மலையில் ஒரு அருவி. பேருந்திலிருந்து இறங்கி ஆறு கிலோமீட்டர் காட்டுப் பாதை. படத்தில் பாறை தெரியாத அளவுக்கு வெள்ளைவெளேரென்று தண்ணீர். சுற்றிலும் பாசி, ஈரம், பச்சை.

"எப்படி இருக்கு?"

பார்த்தேன். அது கார்த்திகை மாதத்துத் தண்ணீர். வடகிழக்குப் பருவமழை நன்றாகப் பெய்து ஒரு வாரம் ஆனபின் எடுத்த படம். இன்று சித்திரை பத்து. அந்த ஓடையில் மாசிக்குப் பிறகு தண்ணீர் இருக்காது. அந்த மலையில் எந்தக் கிணறு எந்த மாதம் எத்தனை மீட்டர் இறங்கும் என்று ஆறு வருடம் என் கையால் எழுதியிருக்கிறேன். நாடாவில் சாக்பீஸ் தடவிக் கிணற்றில் விட்டு, ஈரம் பட்ட இடத்தைப் பார்த்து அளவு எடுப்போம். அந்த நாடாவின் சாக்பீஸ் தூள் என் சேலைகளில் இருந்து போனதே இல்லை.

"ம்" என்றேன்.

"நாலு பேரு சூப்பர்னு எழுதியிருக்கான். அஞ்சு இருபது பஸ்ஸைப் புடிச்சிடணும்."

எப்போது எழுதினார்கள் என்று பார்க்கவில்லை. என்னையும் கேட்கவில்லை. கேட்டால் சொல்வேன். அரை நிமிடம் போதும் சொல்ல.

தாம்பரம் பக்கம் மனை வாங்கியபோதும் இப்படித்தான். ஆழ்துளைக் கிணறு எங்கே போடலாம் என்று பார்க்க ஒரு ஆளைக் கூட்டி வந்தார். உள்ளங்கையில் தேங்காயைப் படுக்கவைத்து நடக்கிற ஆள். தேங்காய் நிமிர்ந்து நிற்கிற இடத்தில் நீரோட்டமாம். தென்மேற்கு மூலையில் நின்றது. முந்நூற்று இருபது அடி. புழுதிதான் வந்தது. நான் குடை பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன். நிலத்தடி நீரில் முதுநிலைப் பட்டமும் பதினைந்து வருட அனுபவமும் உள்ள மனைவி, குடையோடு.

அப்போதும் நான் எதுவும் சொல்லவில்லை.

ஏப்ரல் 24

இப்போது மணி எட்டு. கால் கழுவிவிட்டு எழுதுகிறேன். பிரசாத் சுவர் பக்கம் திரும்பிப் படுத்திருக்கிறார். தூங்கவில்லை.

வரிசையாக எழுத வேண்டும்.

காலையில் இவர் குளிக்கப் போனபோது என் பையில் துணிக்குக் கீழே மூன்று லிட்டர் தண்ணீர் வைத்தேன். இவர் எடுத்தது ஒரு லிட்டர் பாட்டில் இரண்டு, அப்புறம் ஒரு வடிகட்டிக் குப்பி. எந்த ஓடைத் தண்ணீரையும் அதில் பிடித்துக் குடிக்கலாமாம். "அருவிக்குப் போறவன் தண்ணி தூக்கிட்டுப் போவானா?" என்று கேட்டார். என்னிடம் இல்லை, பொதுவாக.

போளூரில் பேருந்து மாறினோம். மலைப்பாதையில் ஒரு ஊரில் இறங்கும்போது ஒன்பதே கால். நடந்தோம். இவர் முன்னால், நான் இருபது அடி பின்னால். இவருக்கு முன்னால் போகத்தான் பிடிக்கும். எனக்குப் பின்னால் நடக்கத்தான் பிடிக்கும் போல, எப்போதும் அப்படியே அமைந்துவிடுகிறது. சருகு காலுக்குக் கீழே நொறுங்கியது. இரண்டு இடத்தில் ஓடையைக் கடந்தோம். இரண்டிலும் மணல் மட்டும். இவர் நின்று பார்ப்பார், வரைபடத்தில் நீலக் கோடு இருக்கிறதா என்று சரிபார்ப்பார், நடப்பார். முதல் ஓடையிலேயே திரும்பியிருக்கலாம். இரண்டாவதில் வாயைத் திறந்தேன். இவர் அதற்குள் வளைவு தாண்டிவிட்டார். கூப்பிட்டிருக்கலாம்.

பதினொன்றரைக்குப் போய்ச் சேர்ந்தோம்.

ஐம்பது அடி உயரத்துக்குப் பாறை. தண்ணீர் விழுகிற இடத்தில் கறுப்பாக ஒரு தடம். கீழே பள்ளத்தில் முழங்கால் அளவுகூட இல்லாத பச்சைக் குட்டை, அதில் ஆட்டுப் புழுக்கை, தேனீக்கள். சிப்ஸ் பாக்கெட்டுகள். உடைந்த பீர் பாட்டில்.

பிரசாத் கையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றார். "எல்லாம் கிளைமேட் சேஞ்ச்" என்றார்.

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இதை எழுதத்தான் வேண்டும், வேறு எங்கே எழுதப் போகிறேன். வெயிலில் தலை கொதித்தது, முழங்கால் விண்விண்ணென்று தெறித்தது, ஆனாலும் உள்ளே குளிர்ச்சியாக ஒரு சந்தோஷம். தேங்காய் நின்ற அன்றிலிருந்து காத்திருந்ததுபோல.

என்னைப் பாறையைப் பார்த்து நிற்கச் சொல்லி, பின்னாலிருந்து ஒரு படம் எடுத்தார். ஏதோ தட்டினார். சிக்னல் இல்லை. பையில் போட்டுக்கொண்டார்.

திரும்பும்போது பாதி வழியில் இவர் தண்ணீர் தீர்ந்தது. வடிகட்டிக் குப்பி காலி. ஒரு மணிக்கு மேல் கெண்டைக்கால் இறுக்கிப் பிடித்து, ஒரு புங்க மரத்தடியில் உட்கார்ந்துவிட்டார். முகம் சிவந்து வியர்வை நின்றுபோயிருந்தது. அது நல்லதில்லை என்று தெரியும். பயந்துவிட்டேன். என் பாட்டிலை எடுத்துக் கொடுத்தேன். அடுத்ததையும் கொடுத்தேன். பாதியைத் தலையில் ஊற்றினேன். காலை நீவிவிட்டேன். அரை மணி நேரத்தில் தேறினார்.

அந்தத் தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று அப்போதும் கேட்கவில்லை.

கீழே முதல் வீடு பச்சையம்மாளுடையது. அவள் கிணறு எங்கள் பதிவேட்டில் இருந்த கிணறு. பேருந்தில் வரும்போதே அவள் நினைவு வந்தது, இருக்க மாட்டாள் என்று நினைத்துக்கொண்டேன். வாசலில் புளி கொட்டை எடுத்துக்கொண்டிருந்தாள்.

"யாரது, கெணறு அளக்கற மேடமா? அய்ய, ஆளே மாறிட்டீங்களே! பேண்ட்டு, தொப்பி... நான் யாரோ வெள்ளக்காரின்னு நெனச்சுக்கினேன்."

"நல்லா இருக்கீங்களா பச்சையம்மா?"

"எனக்கின்னா, கல்லு மாதிரி கீறேன். இது சாரா? வாங்க சார், நெழல்ல குந்துங்க. எங்க போய்ட்டு வர்றீங்க இந்த வெயில்ல?"

"ஃபால்ஸுக்கு" என்றார் பிரசாத்.

அவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள். "சித்திரையிலயா? இன்னா சார் நீங்க! பக்கத்துலயே மேடத்த வெச்சிக்கினு! ஒரு வார்த்த கேட்டிருந்தா ஊட்லயே சொல்லியிருப்பாங்களே. 'மாசியோட சரி பச்சையம்மா, அதுக்கு மேல ஓடையில சொட்டு இருக்காது, ஆட்டக் கீழ ஓட்டிக்கினு வந்துடு'ன்னு எங்களுக்கே சொன்னது இவங்கதான். ஒரு வருசமும் தப்பல."

அவள் என்னைப் பார்த்தாள், இவரைப் பார்த்தாள்.

"நான் இன்னா தப்பா சொல்லிட்டேன்?"

"ஒண்ணும் இல்லம்மா. நீங்க சரியாத்தான் சொன்னீங்க" என்றார்.

மோர் கொடுத்தாள். குடித்தோம். பேருந்து வர ஒரு மணி நேரம் இருந்தது. சாலையோரம் மைல் கல்லில் இவர் உட்கார்ந்தார். நான் நின்றேன்.

"தெரியுமா உனக்கு?"

"தெரியும்."

"எப்போலேருந்து?"

"நேத்து ஃபோட்டோ காட்டினப்பவே."

"அந்த பாட்டில்..."

"காலைல வெச்சேன்."

"உனக்கு மட்டுமா?"

"ரெண்டு பேருக்கும்" என்றேன். உண்மையா? எடுத்து வைக்கும்போது யாரை நினைத்தேன் என்று இப்போது எவ்வளவு யோசித்தாலும் ஞாபகம் வரவில்லை.

"ஏன் சொல்லல?"

"நீங்க கேக்கல."

போளூரை நெருங்கும்போது சிக்னல் வந்தது. இவர் பையில் கைபேசி டிங் டிங் என்று அடிக்க ஆரம்பித்தது. பாறைக்கு எதிரே தட்டி வைத்தது தானாகவே போய்விட்டது. என் முதுகு, வறண்ட பாறை. கீழே: 'தண்ணி இல்லன்னா என்ன, கூட வர ஆள் இருக்கே.' போளூர் பேருந்து நிலையம் வருவதற்குள் இருபத்து மூன்று பேர் இதயம் போட்டிருந்தார்கள். இவர் பார்த்துவிட்டு என் கையில் கொடுத்தார். நான் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தேன்.

ஏப்ரல் 25

பேசவில்லை. கால் கொப்புளத்துக்கு மருந்து வாங்கி மேசையில் வைத்தேன். எடுத்துப் போட்டுக்கொண்டார்.

ஏப்ரல் 26

காலையில் வீட்டுக்காரம்மா சந்திரம்மாள் இட்லி கொண்டுவந்தாள். இவர் நொண்டுவதைப் பார்த்துவிட்டாள்.

"ஃபால்ஸுக்கா போனீங்க? என்னாண்ட சொல்லக் கூடாதா சார்? போன மாசம் கூட ரெண்டு பேரு போய், வெறும் பாறையப் பாத்துட்டு வந்து என்கிட்ட சண்ட போட்டாங்க."

"மேடத்துக்குத் தெரியும்" என்றார் பிரசாத். சாதாரணமாகத்தான் சொன்னார். சந்திரம்மாள் சட்னிக் கிண்ணத்தை வைத்துவிட்டுக் கீழே போய்விட்டாள்.

அப்புறம் தொடங்கியது. கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்குப் பதில் சொல்வது சுலபம்.

"கேக்கலன்னு சொன்ன இல்ல. ஏன் கேக்கறதில்லன்னு உனக்குத் தெரியுமா?"

"நீங்கதான் சொல்லணும்."

"இதோ, இதுதான். இந்தக் குரல். உன்னக் கேட்டா நீ மார்க் போடுவ செல்வி. பதில் சொல்றதுக்கு முன்னாடி, இதுகூடத் தெரியலையான்னு ஒரு பார்வ. அதப் பாக்கறதுக்கு முட்டுச்சந்துல போய் முட்டிக்கலாம்."

"நான் எப்ப—"

"தேங்காக்காரன ஏன் கூட்டியாந்தேன்? அவன் சரியாச் சொல்லுவான்னா? எனக்கென்ன பைத்தியமா? அவன்கிட்ட நான் தப்பாப் பேசலாம், அதுக்குத்தான். நீ கொடையப் புடிச்சிட்டு நின்ன பாரு. முந்நூறு அடி எறங்கற வரைக்கும் நின்ன. அம்பது அடியிலயே நிறுத்துங்கன்னு சொல்லியிருக்கலாம்ல? உனக்கு வேண்டியது தண்ணி இல்ல. நான் தோக்கறது."

இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். பாறைக்கு எதிரே நின்றபோது வந்த அந்தக் குளிர்ச்சி ஞாபகம் வந்தது. மூடிக்கொண்டேன்.

என் பையை இழுத்து, மேல் அறையிலிருந்து அந்தக் கடிதத்தை எடுத்தார்.

"இதுலயும் போட்டிருக்க மாட்டேல்ல?"

"மாட்டேன்."

"எப்பத் தெரியும்?"

"முதல்லயே."

"அப்ப எதுக்குடி பத்து நாள் என்னை நடக்க வெச்ச?"

டி போட்டு இதுவரை என்னைக் கூப்பிட்டதில்லை. கோபம் வரவில்லை. எனக்குப் பிடிக்காதென்று அவரே கண்டுபிடிக்கட்டும், அவரே களைத்துப்போய் விடட்டும், நான் எதையும் மறுத்தவளாக இருக்க வேண்டாம் என்று நினைத்திருக்கிறேன். இப்படி எழுதிப் பார்த்தால் எவ்வளவு அசிங்கமாக இருக்கிறது.

"வேணாம் செல்வி. நீ கையெழுத்தும் போட வேணாம், வரவும் வேணாம். நான் நம்ம பேங்க் கோதண்டராமனோட போய்க்கறேன். அவனுக்கு ஒண்ணும் தெரியாது. ரெண்டு பேரும் தெரியாம போய்க்கறோம்."

எனக்கு வேண்டியது இதுதானே? வேலை தப்பித்தது. பை தூக்க வேண்டாம். நான் ஒரு வார்த்தை பேசாமல் அவராகவே விட்டுவிட்டார். நான் நினைத்தபடியே நடந்தது. அப்புறம் ஏன் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு நின்றேன்?

ஆனால் ஒன்று. அவர் பேசியது எல்லாம் நியாயம் என்று எழுதிவிட்டால் அதுவும் பொய். இருபத்தைந்து வருடத்தில் ஒரு முறை அந்தப் பார்வைக்குப் பயப்படாமல் கேட்டிருக்கலாம். பச்சையம்மாள் கேட்டாள். எழுதப் படிக்கத் தெரியாதவள், என் முகத்தைப் பார்த்து, இந்த வருசம் எப்படி மேடம் என்று கேட்டாள். அவளுக்கு நான் எந்த மார்க்கும் போடவில்லை. அது ஏன்? அவள் ஆடுகள் பிழைக்க வேண்டும் என்று நினைத்தேன். இவர் விஷயத்தில்—

இங்கே நிறுத்துகிறேன்.

ஏப்ரல் 27

அடுத்துப் போக இருந்த ஏற்காட்டை விட்டுவிட்டோம். சென்னைப் பேருந்து. இடம் தனித்தனியாகத்தான் கிடைத்தது. சேர்ந்தாற்போல் இரண்டு இருக்கையும் காலியாக இருந்தது, பின்னால்.

ஏப்ரல் 30

அலுவலகம் போனேன். கோடைக்கால நீர்மட்ட அறிக்கை மேசையில் இருந்தது. மாலை ஆறு வரை பார்த்தேன். இன்று கடைசி நாள் என்று வீட்டில் யாரும் சொல்லவில்லை.

மே 18

கோதண்டராமன் சாப்பிட வந்தார். இவரோடு ஒரே கிளையில் வேலை பார்த்தவர், மனைவி இறந்து மூன்று வருடம். கூடம் முழுக்க வரைபடம் விரித்து உட்கார்ந்தார்கள்.

"என்ன மேடம், எங்க ரெண்டு பேரையும் தொலைச்சுத் தலைமுழுகறதுன்னு முடிவு பண்ணிட்டீங்களா?"

நான் பதில் யோசிப்பதற்குள் பிரசாத், "அவளுக்கு ஆபீஸ்ல வேலை ஜாஸ்திடா, விட மாட்டேங்கறாங்க" என்றார். என்னைக் காப்பாற்றினார். நல்ல மனிதர்தான். அதுதான் எரிகிறது.

ஆகஸ்டில் முதலில் ஹிமாச்சல் என்றார்கள். ரசம் ஊற்றிக்கொண்டிருந்தேன். யாரும் கேட்கவில்லை. நானாகவே சொன்னேன். "ஆகஸ்ட்ல அங்க மழை. மண்சரிவு ஜாஸ்தி இருக்கும். செப்டம்பர் நடுவுல போங்க." குரலைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னேன். முகத்தையும்.

பிரசாத் நிமிரவில்லை. "ஆப்ல பாத்துட்டேன்" என்றார்.

ஜூன் 3

மகள் தொலைபேசியில் கேட்டாள். "அப்பா மட்டும் போறாராமே, ஏம்மா?" முழங்கால் என்றேன்.

ஜூன் 12

திருவண்ணாமலைக் கோட்டத்தில் ஒரு இடம் காலியாகிறது. விண்ணப்பம் வாங்கி நிரப்பினேன். இதைப் பற்றி நேற்று ராத்திரி சாப்பாட்டு மேசையிலேயே சொன்னேன். முழுதாக, காரணத்தோடு, அவர் கேட்பதற்கு முன்பே. தட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டார். "சரி" என்றார். பிறகு, "வீட்ட நான் பாத்துக்கறேன். ஒரு வருஷம் பூட்டிப் போட முடியாது, வாடகைக்கு விட்டுடறேன்" என்றார். திரும்பி வந்தபின் எங்கே என்று நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

அலுவலகத்தில் நிர்வாகப் பிரிவில் வேதா விண்ணப்பத்தை வாங்கிப் பார்த்தாள். சின்னப் பெண், வேலையில் கெட்டிக்காரி.

"மேடம், மாறுதலுக்குக் காரணம் எழுதவே இல்லையே. இல்லாட்டி மேல போகாது. பெரும்பாலும் கணவர் பணியிடம்னு போடுவாங்க. சார் அங்க இருக்காரா?"

"இல்ல."

"குழந்தை படிப்பு?"

"இல்ல."

பேனாவை நீட்டிக்கொண்டு காத்திருந்தாள். பின்னால் இரண்டு பேர் நின்றார்கள்.

"நாங்க தனித்தனியா இருக்கப் போறோம்மா" என்றேன். சத்தம் கொஞ்சம் அதிகமாகவே வந்துவிட்டது.

வேதா என்னைப் பார்க்கவில்லை. தாளைத் திருப்பி, மறுபடி முன்பக்கம் திருப்பி, எல்லா வரியையும் ஒரு தடவை விரலால் தேடினாள்.

"அதுக்குன்னு இதுல கட்டம் இல்லீங்க மேடம். குடும்பச் சூழ்நிலைன்னு போட்டுடுங்க."

போட்டேன்.